மறுபடியும் கையை உயர்த்தியவர்களுக்கு



கன்வென்ஷனின் கடைசி இரவு. செய்தியாளர் குரலைத் தாழ்த்துகிறார். கீபோர்டு வாசிக்கிற தம்பி மெதுவாக ஆரம்பிக்கிறான். எல்லாரும் தலை குனிந்து கண்ணை மூடியிருக்கிறோம். "இன்று தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று அழைப்பு வருகிறது. முதல்முறை உயர்த்துகிறவர்களுக்கு நான் இதை எழுதவில்லை. அவர்களைக் கவனிக்க அட்டையும் பேனாவுமாய் ஆட்கள் ஓரத்தில் நிற்கிறார்கள். போன வருஷமும் உயர்த்தி, அதற்கு முந்தின லெந்துக் கூட்டத்திலும் உயர்த்தி, வாலிபர் முகாமிலும் உயர்த்தி, இந்த வருஷம் பக்கத்து நாற்காலிக்காரர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிடுவாரோ என்று தோள் மட்டத்துக்கு மேல் போகாமல் அரைக்கையாக உயர்த்துகிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல்.

உங்களில் பலரை எனக்குத் தெரியும். ஞாயிறு பள்ளியில் என்னிடம் படித்தவர்கள் இருக்கிறீர்கள். பாடகர் குழுவில் பின்வரிசையில் நிற்கிறவர்கள் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்து பந்தலில் நாற்காலி அடுக்குகிற நேரமாகப் பார்த்து அருகில் வந்து, "டீச்சர், எனக்கு இரட்சிப்பே இல்லையோ?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட கையோடு காரணங்களையும் சொல்லிவிடுவீர்கள். கோபம் போகவில்லை. இரவில் போனை எடுத்தால் பார்க்கக் கூடாததைப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. சொத்து விஷயத்தில் ஏமாற்றின சித்தப்பாவை மன்னிக்க முடியவில்லை. அதிகாலை ஜெபம் மூன்று வாரம் ஓடி நின்றுவிட்டது. ஒரு வருஷத்தில் வேதம் முழுவதையும் வாசிக்கிற அட்டவணை லேவியராகமத்தில் சிக்கிக்கொண்டது. (இந்தக் கடைசிப் புகாருக்கு மட்டும் நான் பெரிதாக வருத்தப்படுவதில்லை. லேவியராகமத்தில் சிக்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம்.)

நம் பக்கத்துச் சபைகளில் சாட்சி சொல்வதற்கென்று ஒரு வடிவம் படிந்துபோயிருக்கிறது. முன்பு எப்படி இருந்தேன். எந்தத் தேதியில், எந்தக் கூட்டத்தில், யார் பேசும்போது தொடப்பட்டேன். அதற்குப் பின் எப்படி ஆனேன். முதல் இரண்டு பகுதிக்கும் பத்து நிமிஷம் போகும். மூன்றாவது பகுதி ஒரே வரியில் முடிந்துவிடும்: "அன்றிலிருந்து கர்த்தர் என்னை நடத்தி வருகிறார், அல்லேலூயா." ஆயுசு முழுவதும் அந்த ஒரு வரிக்குள்ளேதானே இருக்கிறது! அதை யாரும் விரித்துச் சொல்வதில்லை. விரித்துச் சொல்லாததால், நடந்து வருகிற வழியில் விழுவதும் எழுவதும் தனக்கு மட்டும்தான் என்று உங்களில் ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறீர்கள்.

தமஸ்கு வழியில் சவுலுக்கு நடந்தது ஒரு மத்தியான வேளையில் நடந்துவிட்டது, உண்மைதான். ஆனால் கலாத்தியருக்கு எழுதும்போது அவர் கொடுக்கிற கணக்கைப் பாருங்கள். அரபி தேசம், மறுபடியும் தமஸ்கு, மூன்று வருஷம் கழிந்த பின்பு எருசலேமில் பேதுருவோடு பதினைந்து நாள், பிறகு பதினாலு வருஷம் சென்று மறுபடியும் எருசலேம். அரபியில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு வரி இல்லை. நம் மேடையில் அவருக்கு மைக் கொடுத்திருந்தால் அந்த மத்தியானத்தைச் சொல்லவைத்துக் கைதட்டி அனுப்பியிருப்போம்.

தேதியோடு சாட்சி சொல்கிறவர்களுக்கெல்லாம் முன்னோடி போல இருப்பவர் ஜான் வெஸ்லி. 1738 மே 24ஆம் தேதி மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டம். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கிறார். ஏறக்குறைய எட்டே முக்கால் மணிக்குத் தம் உள்ளத்தில் ஒரு வெதுவெதுப்பு உண்டானதாக வெஸ்லி தம் நாட்குறிப்பில் பதிந்தார். மணி வரைக்கும் சொல்கிற சாட்சி! மெதடிஸ்டு சபைகள் இன்றும் அந்த நாளை நினைவுகூருகின்றன. நினைவுகூரப்படாத இன்னொரு பக்கமும் அதே நாட்குறிப்பில் உண்டு. 1739 ஜனவரி 4ஆம் தேதி, எட்டு மாதம்கூட ஆகாத நிலையில், தாம் இப்போது கிறிஸ்தவனே அல்ல என்று அவர் எழுதுகிறார். தேவனிடத்தில் அன்பு இல்லை, சமாதானம் இல்லை, சந்தோஷம் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தம்மைத் தாமே சோதித்துப் பார்த்து முடிவு கட்டுகிறார். அதே வருஷம் ஏப்ரலில் பிரிஸ்டல் நகரத்துக்கு வெளியே திறந்தவெளியில் நின்று பிரசங்கிக்கத் தொடங்கினார். மெதடிஸ்டு எழுப்புதலின் வெளியரங்கமான தொடக்கம் அதுதான். உங்களில் யாராவது அந்த ஜனவரியில் அவர் பக்கத்தில் இருந்திருந்தால், மறுபடியும் கையை உயர்த்தச் சொல்லியிருப்பீர்கள்.

ஒரே இரவில் முழுதாக மாறிவிடவேண்டும் என்ற இந்த அவசரம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு கிளை இங்கிலாந்தின் வடக்கே கெஸ்விக் என்ற ஏரிக்கரை ஊரிலிருந்து வருகிறது. 1875இல் அங்கே தொடங்கிய கூட்டங்கள் ஆண்டுதோறும் நடந்தன. முழுமையாக ஒப்புக்கொடு, விசுவாசத்தினால் பரிசுத்தத்தைப் பெற்றுக்கொள், வெற்றியுள்ள வாழ்க்கைக்குள் நுழைந்துவிடு என்பது அந்த மேடையின் தொனி. அதே காலத்தில், பின்னாளில் லிவர்பூலின் பிஷப் ஆன ஜே. சி. ரைல், பரிசுத்தத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, விசுவாசிக்குக் கடைசிமட்டும் போராட்டம் உண்டு, வளர்ச்சி படிப்படியாகத்தான் வரும் என்று வாதாடினார். இரண்டு பக்கத்திலும் தேவபக்தர்கள் இருந்தார்கள். கெஸ்விக் பக்கம் நமக்குக் கொடுத்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை அனுப்பித் தாங்கினதே கெஸ்விக்தான். ஆனாலும் கூட்டத்துக்கு ஏற்ற செய்தி, கூட்டம் கலைந்த பிறகு வருகிற செவ்வாய்க்கிழமைக்குப் போதாமல் போகிறது என்பது என் எண்ணம். செவ்வாய்க்கிழமைக்கு ரைல்தான் கைகொடுக்கிறார்.

அந்த அம்மையாரின் கடைசிக் காலத்தையே பாருங்கள். 1931 அக்டோபரில், களக்காட்டில் மருத்துவ ஊழியத்துக்காக எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போனவர், மங்கிய வெளிச்சத்தில் அங்கே தோண்டியிருந்த குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன்பின் 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் அறையும் படுக்கையும்தான். குணமாகிவிடும் என்று எல்லாரும் ஜெபித்தார்கள், ஆகவில்லை. இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. வெற்றி மேடையிலிருந்து வந்த ஒருவருக்குத் தேவன் வைத்திருந்த பள்ளிக்கூடம் அந்த அறை. அங்கிருந்துதான் அவர் பல புத்தகங்களை எழுதினார். வலியால் துவளும் தினங்களைப் பற்றியும் மறைக்காமல் எழுதினார்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் பெயரைச் சொன்னாலே மனந்திரும்புதலின் கதை நினைவுக்கு வரும். அகுஸ்தீன், 386இல் மிலான் நகரத்துத் தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது மாற்றம் அடைந்து, அடுத்த ஆண்டு உயிர்த்தெழுந்த பண்டிகையில் அம்புரோஸ் கையால் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய 'அறிக்கைகள்' நூலை அந்தத் தோட்டத்தோடு மூடிவைத்துவிடுகிறவர்கள் அதிகம். பத்தாம் பாகம் வரைக்கும் போனவர்களுக்குத்தான் தெரியும், அங்கே பேசுகிறவர் மனந்திரும்பிப் பத்து வருஷத்துக்கு மேலான ஓர் ஆயர் என்பது. ஹிப்போ பட்டணத்தின் பிஷப். சாப்பாட்டில் எது பசி, எது ருசிக்கு அடிமைத்தனம் என்று பிரிக்கத் தெரியவில்லை என்கிறார். தூக்கத்தில் வருகிற கனவுகள் தம்மை வெட்கப்படுத்துகின்றன என்கிறார். ஆராதனைப் பாட்டில் வார்த்தையைவிட ராகம் தம்மை இழுத்துவிடுகிறது என்று வருந்துகிறார் (நம் பாடகர் குழுவினர் கவனிக்க). மனிதர் புகழும்போது உள்ளுக்குள் இனிக்கிறது; அந்த இனிப்பை எப்படி அளப்பது என்றே தெரியவில்லை என்கிறார். நீங்கள் நாற்காலி அடுக்கும்போது என்னிடம் சொல்கிற பட்டியலுக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. 430இல் வேண்டலர் படை ஹிப்போவை முற்றுகையிட்டிருந்த சமயத்தில் அவர் மரணப்படுக்கையில் கிடந்தார். மனந்திரும்புதலின் சங்கீதங்களை எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லி, படுத்தபடியே வாசித்து அழுதார் என்று அவரோடு வாழ்ந்த பொசிதியுஸ் எழுதிவைத்திருக்கிறார். வயது எழுபத்தைந்து. ஆகவே, "இந்த வயதிலுமா?" என்று உங்களில் தலை நரைத்தவர்கள் கேட்கவேண்டாம்.

லூத்தர் 1517இல் எழுதிய 95 கருத்துரைகளில் முதலாவது எதைப் பற்றியது தெரியுமா? விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாய் இருக்கவேண்டும் என்பதைப் பற்றியது. சீர்திருத்தம் தொடங்கியதே அந்த இடத்தில். அப்படியானால் மூன்றாம் முறை, ஏழாம் முறை மனந்திரும்புகிறவன் தோற்றுப்போனவன் என்று யார் சொன்னது?

'மோட்சப் பிரயாணம்' நம் வீடுகளில் இருந்த புத்தகம். ஜான் பனியன் 1678இல் வெளியிட்டது. அதைத் தழுவித்தான் நம் திருநெல்வேலிச் சீமைக் கவிஞர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். சிறுவயதில் படக்கதையாகப் பார்த்தவர்களுக்குக்கூட ஒரு காட்சி மறக்காது: சிலுவையடியில் பிரயாணியின் முதுகிலிருந்த பாரம் கழன்று உருண்டு கல்லறைக்குள் விழுவது. இப்போது ஒரு வேலை செய்யுங்கள். புத்தகத்தை எடுத்து, அந்தக் காட்சி எத்தனையாவது பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள். ஆரம்பத்திலேயே வந்துவிடும். மிச்சப் புத்தகம் முழுவதும் அதற்குப் பிறகு நடக்கிறது. பாரம் கழன்ற பிறகுதான் அவன் மலைச்சரிவில் தூங்கிப்போய்த் தன் சுருளைத் தவறவிடுகிறான். பாரம் கழன்ற பிறகுதான் தாழ்மையின் பள்ளத்தாக்கில் அப்பொல்லியோனோடு சண்டை. மாயாபுரிச் சந்தையில் தன் கண்முன்னே உடன்பயணி கொல்லப்படுவதைக் கண்டு, அதையும் தாண்டி வந்தவன், கொஞ்சம் நடை சுகமாக இருக்கும் என்று வேலி தாண்டிப் பக்கத்து வயல் வழியே போய் சந்தேகக் கோட்டையில் அகப்படுகிறான். அது பயணத்தின் பிற்பகுதி. முன்னேறியவர்கள் அகப்படுகிற சிறை. சாவி அவன் மடியிலேயே இருந்தது என்பதையும் பனியன் சிரிக்காமல் சொல்கிறார்.

எதற்காக இத்தனை பேரை இழுத்து வருகிறேன் என்றால், உங்கள் தாமதத்தை வைத்துத் தேவன் உங்களை விட்டுப் போய்விட்டார் என்று நீங்கள் கணக்குப் போடுகிறீர்கள். அந்தக் கணக்கு எங்கும் நிற்காது. இயேசு சொன்ன அத்திமர உவமையில் எஜமான் மூன்று வருஷமாய்க் கனி தேடி வந்து ஏமாந்து, வெட்டிப்போடு என்கிறான். தோட்டக்காரன், இந்த வருஷமும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்கிறான். மரம் வாக்குக் கொடுக்கவில்லை. அது ஒன்றும் சொல்லவே இல்லை. மண்வெட்டியை எடுப்பவன் அவன், எருவைச் சுமப்பவன் அவன். எருவுக்கு என்ன வாடை என்று கிராமத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. உங்கள் வாழ்க்கையில் இப்போது வாடை அடிக்கிற ஏதோ ஒன்று, வேலை போனதோ, நட்பு முறிந்ததோ, ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுந்து வந்த வெட்கமோ, தண்டனை என்றே நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எருவாக இருக்கக்கூடும் என்று ஒருமுறையாவது நினைத்துப் பார்த்தீர்களா?

வளர்ச்சியை நீங்களே அளக்கவும் வேண்டாம். மே மாத விடுமுறைக்கு மும்பையிலிருந்து வருகிற அத்தைதான் "ஏலே, இவ்வளவு உசரமாயிட்டியா" என்று வாசலிலேயே கூவுவார்கள். தினமும் கண்ணாடி பார்க்கிற பையனுக்கு அது தெரிந்திராது. உங்களில் ஒருவர், முன்பு கமிட்டிக் கூட்டத்தில் மேஜையைத் தட்டி எழுந்து போகிறவர். இப்போது தட்டுகிறார், ஆனால் எழுந்து போவதில்லை. அவர் அதை வளர்ச்சி என்று எண்ணவே மாட்டார். தட்டியதற்காக அன்றிரவு அழுதுகொண்டிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்களுக்குத் தெரிகிறது.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இந்த மடல் இதமாக முடிந்திருக்கும். ஆனால் ஒருவருடைய கதையைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குப் பாதியைத்தான் சொன்னதாக ஆகும்.

ஜான் நியூட்டன். அவர் எழுதிய கிருபையின் பாட்டை ஆங்கிலத்திலும் தமிழிலும் நாம் அடக்க ஆராதனைகளில் பாடுகிறோம். அவர் அடிமைக் கப்பல் தலைவராக இருந்தார், புயலில் அகப்பட்டார், மனந்திரும்பினார், பாட்டு எழுதினார் என்று நான்கே படியில் கதை சொல்லப்படுகிறது. ஆண்டுகளைப் போட்டுப் பார்த்தால் வேறு கதை வருகிறது. புயல் 1748 மார்ச்சில். அடிமைக் கப்பலுக்கு அவர் தலைவரானது அதற்குப் பின்னால். 1750க்கும் 1754க்கும் இடையில் மூன்று பயணங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மேல்தளத்தில் மாலுமிகளைக் கூட்டி ஜெபப்புத்தகம் வாசித்தார். கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்க மக்கள் சங்கிலியில் கிடந்தார்கள். கலகம் செய்யத் திட்டமிட்டார்கள் என்ற சந்தேகத்தில் சிறுவர்களின் விரல்களைத் திருகுக்கருவியில் வைத்ததைத் தம் கப்பல் குறிப்பேட்டில் அவரே எழுதியிருக்கிறார். 1754இல் அவர் கடலை விட்டதற்கும் காரணம் மனச்சாட்சி அல்ல, உடல்நலம். 1764இல் குருப்பட்டம். 1773 புத்தாண்டு ஆராதனைக்காக அந்தப் பாட்டு. அடிமை வாணிபத்துக்கு எதிராக, தம் பங்கையும் ஒப்புக்கொண்டு, பகிரங்கமாக அவர் எழுதியது 1788இல். புயலுக்கும் அந்தச் சிறு நூலுக்கும் நடுவே நாற்பது வருஷம்.

தேவன் நியூட்டனோடு நாற்பது வருஷம் பொறுமையாக இருந்தார் என்று நாம் நெகிழ்ந்து சாட்சி சொல்லலாம். கீழ்த்தளத்தில் கிடந்தவன் அந்தப் பொறுமையைப் பற்றி என்ன சொல்லியிருப்பான்?

இதற்கு எனக்கு முழுப் பதில் கிடையாது. பிரசங்க மேடையில் இதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். ஆனால் ஒன்றைக் கவனிக்கிறேன். 1788இல் நியூட்டன் எழுதும்போது, தேவன் என்னை மெதுவாகத்தானே நடத்தினார் என்று சொல்லி ஒதுங்கவில்லை. காலம் கடந்து வருகிற அறிக்கை இது என்று தாமே சொல்லிக்கொண்டு, கண்டதையும் செய்ததையும் எழுதினார். பிறகு நாடாளுமன்றக் குழுவின் முன்னும் போய்ச் சாட்சி சொன்னார். வயதான காலத்தில். பிரிட்டன் அடிமை வாணிபத்தைத் தடைசெய்தது 1807 மார்ச்சில். அவர் இறந்தது அந்த டிசம்பரில். தேவனுடைய பொறுமை அவரைத் தூங்க விடாமல் கொண்டுபோன திசை அது.

நம்மூர்க் கதையும் இதே நிறம்தான். நம் பெண் மாப்பிள்ளை விளம்பரங்களில் 'இரட்சிக்கப்பட்ட' என்ற சொல்லுக்கு அடுத்த சொல்லாகச் சாதிப் பெயர் நிற்கிறது. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை இருக்கக் கூடாது என்று தென்னிந்தியச் சபைகளுக்கு உத்தரவு அனுப்பியது 1833இல். தஞ்சாவூரிலும் சென்னையிலும் அதை எதிர்த்துச் சபையை விட்டுப் போனவர்களும் உண்டு. இரண்டு நூற்றாண்டு நெருங்குகிறது. "இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறும், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று கமிட்டி அறையில் யாராவது சொல்லும்போது, நான் இந்த மடலில் எழுதியிருக்கிற அதே வார்த்தைகளை அவர் எடுத்துப் பயன்படுத்துவதைப் பார்த்து எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த வாக்கியத்தைச் சொல்கிறவர் பெரும்பாலும் அந்தத் தாமதத்தால் எதையும் இழக்காதவராகவே இருக்கிறார்.

இப்படி ஆளைப் பிரித்துப் பார்க்கிற தவறு பேதுருவிடமும் இருந்திருக்கிறது. பெந்தெகொஸ்தே நாளில் ஆவியைப் பெற்றவர். யோப்பாவில் மேல்வீட்டில் தரிசனம் கண்டு, கொர்நேலியுவின் வீட்டுக்குள் காலடி வைத்தவர். அதற்கெல்லாம் பிறகு, அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் இலையை விட்டு விலகினார். பர்னபாவும் சேர்ந்து விலகினார். வளர்ச்சி பின்னோக்கிப் போன கதை. பவுல் காத்துக்கொண்டிருக்கவில்லை. எல்லாருக்கும் முன்பாக, முகத்துக்கு நேரே கேட்டார். இதற்குப் பிறகு வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். பேதுருவின் இரண்டாம் நிருபத்தைக் கடைசி அதிகாரம் வரை வாசியுங்கள். கர்த்தருடைய நீடிய பொறுமையை இரட்சிப்பாகவே எண்ணுங்கள் என்ற பொருளில் எழுதுகிற அதே வாக்கியத்தில், பவுலைப் பிரியமான சகோதரன் என்று பேதுரு அழைக்கிறார். பந்தியில் வைத்து எல்லார் முன்பும் கடிந்துகொண்டவரை! தேவனுடைய பொறுமை தமக்கு எந்த வாய் வழியாக வந்தது என்பதைப் பேதுரு மறக்கவில்லை என்றே நான் அதை வாசிக்கிறேன்.

ஆகவே, ஒரே பாவத்துக்காக மறுபடியும் அழுகிறவருக்கு ஒரு சொல்லும், ஒரே பாவத்தில் வசதியாக உட்கார்ந்திருக்கிறவருக்கு வேறொரு சொல்லும் உண்டு. இந்த மடல் முதலாமவருக்கு. இரண்டாமவர் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளவேண்டாம்.

என்ன செய்யவேண்டும் என்று கேட்பீர்கள். புதிதாக எதுவும் என்னிடம் இல்லை. திருவிருந்து நாளில் தகுதி வந்த பிறகு போகலாம் என்று பின்பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளாதீர்கள், முழங்காற்படியிடுங்கள். வேதத்தில் நின்ற இடத்திலிருந்து வாசியுங்கள். விட்டுப்போன நாட்களைச் சேர்த்து அடைக்க முயலவேண்டாம். போன் பழக்கம் போன்றதை நம்பத்தக்க ஒருவரிடம், உங்களைவிட மூத்தவரிடம், பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். தேவைப்பட்டால் மருத்துவரிடமும் போங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. மாற்கு எழுதின சுவிசேஷத்தில் வருகிற விதைக்காரன் விதைத்துவிட்டு இரவில் தூங்குகிறான். அவனுக்குத் தெரியாத விதமாய்ப் பயிர் வளருகிறது. நீங்களும் தூங்கலாம். இரவு ஜெபத்தை முடித்த பிறகும் தன்னைத்தானே விசாரணை செய்துகொண்டு இரண்டு மணி வரை விழித்திருக்கிற அந்தத் தங்கைக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

சிறையிலிருந்து பவுல் பிலிப்பி சபைக்கு எழுதின மடலை இந்த வாரம் ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள், நாலே அதிகாரம். நற்கிரியையைத் தொடங்கினவர் அதை நடத்தி முடிப்பார் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறார். நடுவில், தாம் இன்னும் அடைந்தாயிற்று என்று எண்ணவில்லை என்கிறார். கடைசி அதிகாரத்துக்கு வந்ததும் இரண்டு பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்: எயோதியாள், சிந்திகேயாள். இருவரும் அவரோடு சுவிசேஷ வேலையில் பாடுபட்டவர்கள். இப்போது ஒருவரோடு ஒருவர் பேச்சு இல்லை போலிருக்கிறது. ஒருமனப்படுங்கள் என்று இருவரிடமும் தனித்தனியே கெஞ்சுகிறார். அவர்களுக்கு உதவி செய் என்று பக்கத்தில் இருக்கிற உடன்வேலையாள் ஒருவரிடமும் சொல்லிவிடுகிறார். தேவன் முடிப்பார் என்று எழுதின கைதான் இதையும் எழுதியது.

நம் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். போன அசனப் பண்டிகையில் காய்கறிக் கணக்கில் தொடங்கியது. பவுலைப் போலப் பெயர் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். இரண்டு பேருமே கடைசி இரவில் கையை உயர்த்தினார்கள், ஒருவர் பந்தலின் இந்தக் கோடியில், மற்றவர் அந்தக் கோடியில். வருகிற ஞாயிறு இரண்டாம் ஆராதனை முடிந்ததும் நான் இருவர் வீட்டுக்கும் போகப்போகிறேன். என்னோடு ஒருவர் வந்தால் நல்லது. ஸ்கூட்டர் இருப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு வீடும் ஊரின் இரண்டு முனையில் இருக்கிறது.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
ஞாயிறு பள்ளி டீச்சர்
பாளையங்கோட்டை